ஃபில்டருக்குச் சந்தனப் பொட்டு

1

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர்: அண்ணன் முனிராஜ், அண்ணி மஞ்சுளா, எட்டாவது படிக்கும் அவர்கள் மகள் ஹர்ஷிதா, அப்பா. நான் இல்லை. என் பெயரில் பதிவான கார் இருந்தது. பூஜையே அதற்குத்தான்.

நான் ஓமனில், மஸ்கட்டிலிருந்து ஆறு மணி நேரம் உள்ளே தள்ளி, ஹைமா பக்கம் ஒரு சாலை ஒப்பந்தக் கம்பெனியின் கேம்ப்பில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஹர்ஷிதா போனைப் பிடித்திருந்தாள்.

"மாதேசு, தெரியுதாடா வண்டி?" என்று அண்ணன் கேட்டான்.

"தெரியுது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சாச்சா?"

"நீ அங்கிருந்து சொல்லித்தான் வைக்கணுமா? அப்பா அப்பவே வச்சுட்டாரு."

"போன வாட்டி ஸ்டெப்னிய மறந்தீங்க."

"ஸ்டெப்னிக்கும் பொட்டு வச்சாச்சு சித்தப்பா. ஜாக்கிக்கும் வச்சாச்சு" என்றாள் ஹர்ஷிதா.

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்தபடி முன்னால் வந்தார். "இந்த வாட்டி உள்ள வெளிய ஒன்னு விடல தம்பி. கழட்ட முடிஞ்சதெல்லாம் கழட்டி அலசிட்டோம். இன்னும் ஒன்னே ஒன்னு காயணும். அதுக்கும் பொட்டு வச்சு மாட்டிட்டா முடிஞ்சுது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காய வேண்டிய அந்த ஒன்று என்ன என்று கேட்கவில்லை. காரும் மாலையுமாக ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். கேம்ப்பில் நாற்பது பேர் பார்த்தார்கள், அதில் பாதிப்பேர் மெக்கானிக்குகள். படத்தில் காருக்குப் பின்னால் துணிக்கொடி தெரிகிறது. கொடியில் ஹர்ஷிதாவின் யூனிஃபார்முக்கும் அப்பாவின் துண்டுக்கும் நடுவே, விசிறி மடிப்பாக மடிந்த ஒரு மஞ்சள் காகிதப் பட்டை கிளிப் போட்டுத் தொங்குகிறது.

காரின் ஏர் ஃபில்டர் அது. எஞ்சின் மூச்சு விடும் மூக்கு. எத்தனையோ நாள் கழித்துத்தான் அது என் கண்ணில் பட்டது.

அந்தக் கார் சும்மா நிறுத்தி வைத்து அழகு பார்க்கிற கார் இல்லை. டிரைவர் போக ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, மஞ்சள் போர்டு. என் முதல் மூன்று வருஷச் சம்பளம். பதினோரு வருஷம் ஓசூர் தொழிற்பேட்டையில் காண்டிராக்ட் ஆளாக நின்று தேய்ந்த அண்ணனை அங்கிருந்து வெளியே எடுத்தது அதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் ரோஜாப் பூ வளர்க்கும் பசுமைக் குடில் ஒன்றுக்குப் பூவெட்டும் பெண்களை இரண்டு நடையாக, பதினான்கு பேரை, விடியற்காலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. வண்டி நின்றால் அந்த ஒப்பந்தம் போய்விடும். அது போனால் மறுபடியும் காண்டிராக்ட் வரிசைதான்.

2

ஹைமாவில் என் வேலையே மணலிடமிருந்து எஞ்சின்களைக் காப்பாற்றுவதுதான். டிப்பர், கிரேடர், ஜெனரேட்டர், பிக்கப் என்று நூற்றுச் சொச்சம் வண்டிகள். எதற்கு எப்போது ஆயில், எதற்கு எப்போது ஃபில்டர் என்று அட்டவணை போட்டு வைப்பேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான், முதலில் டிப்ளமோ வாங்கியவனும் நான். அந்தப் படிப்புக்கு இந்த ஊரில் கிடைத்த மரியாதை ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஏசி கண்டெய்னரும்.

வந்த முதல் மாதம் ஒரு ஜெனரேட்டரின் ஏர் ஃபில்டரை நானாகத் திறந்து பார்த்தேன். அக்கறைதான். எங்கள் மேற்பார்வையாளர் சலீம், ஓமன்காரர், அதிர்ந்து பேசாத மனிதர், பின்னால் வந்து நின்றார். ஃபில்டர் பெட்டிமேல் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னக் குழாய் இருக்கும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அதில் சிவப்புத் தெரியும்.

"சிவப்பு வந்ததா?" என்று இந்தியில் கேட்டார்.

"வரவில்லை."

"பிறகு ஏன் திறந்தாய்?"

"சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க."

"நீ பார்த்ததில் எவ்வளவு மணல் உள்ளே போயிருக்கும் தெரியுமா?"

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. காகித ஃபில்டரில் கொஞ்சம் தூசி படிந்த பிறகுதான் அது இன்னும் பொடித் தூசியைப் பிடிக்கும். அழுக்கான ஃபில்டர், அடைக்காத வரைக்கும், நல்ல ஃபில்டர். சும்மா சும்மா திறந்தால் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் தூசி சுத்தமான பக்கம் விழும். அங்கிருந்து நேராக எஞ்சினுக்குள் போகும். உள்ளே போன மணல் ஆயிலோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அடுத்த வாரமே இதை ஒரு படமாகப் போட்டு ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டினேன். சலீம் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

ஊருக்குப் பேசும்போது, அந்தப் படம் போட்ட நான் எங்கே போய்விடுகிறேன் என்றுதான் தெரியவில்லை. மொழியும் அப்படியே. ஊரில் போய், வேலை முடிந்தால் அரபியில் "கலாஸ்" என்கிறேன், ஹர்ஷிதா சிரிக்கிறாள். கேம்ப்பில் வேலை முடிந்தால் வாயில் கன்னடத்து "ஆயித்து" வருகிறது. ஸ்டோர் கீப்பர் மலையாளி, "நீ ஒறிஜினல் தமிழன் தானா, இல்ல கன்னடக்காரனா?" என்கிறார். ஓசூர்க்காரன் என்றால் இரண்டும்தான், தெலுங்கும் கொஞ்சம் வரும் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்குத் திருப்தி இல்லை.

3

இங்கே பாலைவனம். மணல் இருக்கிறது, அது இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், அதற்குத் தகுந்த ஏற்பாடும் இருக்கிறது. எங்கள் ஊர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம். வாய்க்காலில் தண்ணீர், இரண்டு பக்கமும் பச்சை. அந்த ஊரில் ஒரு காரைத் தூசி தின்றது என்றால் இங்கே யாரும் நம்பமாட்டார்கள்.

ஊரிலிருந்து பசுமைக் குடிலுக்கு ஒன்பது கிலோமீட்டர். அதில் நான்கை, அகலப்படுத்துகிறோம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் தோண்டினார்கள். செம்மண்ணைக் கொட்டிப் பரப்பிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். மழைக்காலத்தில் சேறு. மார்கழி பிறந்தால் மாவு மாதிரி தூசி, கால் வைத்தால் கணுக்கால் வரைக்கும் புதைகிறது. அதன்மேல் நாள் முழுக்க ஜல்லி லாரி. ஒன்றுக்காவது மேலே தார்ப்பாய் இருக்கிறதா என்றால் இல்லை.

ஆன்லைனில் மனுக் கொடுத்தேன். ஹைமாவில் உட்கார்ந்து, ஆதார் எண், தாலுகா, கிராமம் எல்லாம் நிரப்பி, படங்களோடு. "பணி நடைபெற்று வருகிறது" என்று ஒரு வரி பதில் வந்து மனு முடித்துவைக்கப்பட்டது. மறுபடி கொடுத்தேன். அதே வரிதான் வந்தது, மாற்றி எழுதக்கூட யாருக்கும் மனம் இல்லை.

ரோடு கைக்கு எட்டாது, கார் எட்டும் என்று நினைத்து ஒரு பட்டியல் தயாரித்தேன். மொத்தம் ஒன்பது விஷயம். முன்னால் லாரி போனால் தூசி அடங்கும் அளவுக்குத் தள்ளி வரவும். ஆயில், புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்றவும். இப்படி. மூன்றாவது: "வாரம் ஒருமுறை ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் போடவும்." ஊருக்கு வந்தபோது லேமினேஷன் போட்டு டேஷ்போர்டு பெட்டிக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டேன்.

அண்ணனுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். நான்காவதோடு அவனை மாடு மேய்க்க நிறுத்தினார்கள், அந்த மாட்டை விற்றுத்தான் பிறகு எனக்குப் பாலிடெக்னிக் பீஸ் கட்டினார்கள். அதனால் ஹர்ஷிதா படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அவளோ ஓசூரில் இங்கிலீஷ் மீடியம். இரண்டு வரிக்குள் திக்கி, "சித்தப்பா, இத இங்கிலீஷ்ல அனுப்புங்களேன்" என்று மெசேஜ் போட்டாள். தமிழ்நாட்டில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனுக்கு எழுதிய பட்டியலை இங்கிலீஷில் மாற்றி அனுப்பினேன். அவள் அதைத் தமிழில் தன் அப்பாவுக்குச் சொன்னாள். கன்னடமும் கலந்திருக்கும், அவள் சிநேகிதிகள் எல்லாம் அந்தப் பக்கம்.

4

பொங்கல் கழிந்து ஒரு வாரம். ஹர்ஷிதாவிடமிருந்து இங்கிலீஷில் ஒரு மெசேஜ்: காரிலிருந்து நீலப் புகை வருகிறது, அப்பா உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார். ஒரு அழுகிற பொம்மை முகம். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம்.

உடனே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"எத்தினி நாளா ண்ணா?"

"பொங்கலுக்கு முன்னாடியே."

"ஆயில்?"

"வாரத்துக்கு ஒரு லிட்டரு ஊத்துறேன்."

"ஒரு லிட்டரா! ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இன்னொரு லிஸ்ட் அனுப்புவ."

அவன் தொடர்ந்தான். "இப்ப லிஸ்டுக்கு நேரமில்லடா. பிப்ரவரி பூவுக்கு வெட்டு ஆரம்பிச்சாச்சு. பத்தாந்தேதி வரைக்கும் ஒரு நாள் வண்டி வரலன்னாலும் வேற ஆளுன்னு மேனேஜர் சொல்லிட்டான். நான் புகையோடவே ஓட்டிட்டிருக்கேன்."

பிப்ரவரி பதினாலுக்கு வெளிநாட்டுக்குப் போகும் ரோஜாக்கள் எங்கள் பக்கத்திலிருந்துதான் போகின்றன. ஒரு வருஷத்து லாபம் அந்த மூன்று வாரத்தில். பேசிய மூன்றாம் நாள் மத்திகிரி தாண்டி கார் நின்றது. ஏழு பெண்களும் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனார்கள். அண்ணன் அன்றைக்கே ஒரு வேனை நாள் வாடகைக்குப் பேசி, மறுநாள் விடியலில் அதை ஓட்டிக்கொண்டு போய் நின்றான். இதில் அவனை மெச்சத்தான் வேண்டும்.

காரைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப் போனார்கள். நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் இன்னும் நான்கு மாதம் பாக்கி. நான் நம்பிக்கையோடு இருந்தேன். அங்கே கவுண்டரில் இருந்த பையன் போனில் என்னிடம் பேசினான்.

"சார், ஓனர் நீங்கதானே? ஓடிபி சொல்லுங்க சார்."

"என் இந்திய நம்பருக்கு இங்க சிக்னல் வராதுங்க."

"அப்போ நேர்ல வந்து சைன் பண்ணிடுங்க சார்."

"நான் ஓமன்ல இருக்கேன்."

"பரவால்ல சார், சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் இருப்போம்."

அவன் கிண்டல் பண்ணவில்லை, கேட்டதை வாங்கிக்கொள்ளவே இல்லை, அவ்வளவுதான். அவனுக்கு மேலே இருந்தவர், ஓனர் வெளிநாட்டில் என்றால் தூதரகத்தில் சான்று வாங்கிய கடிதம் வேண்டும் என்றார். தூதரகம் மஸ்கட்டில். ஆறு மணி நேரம் போய், டோக்கன் எடுத்து, ஆறு மணி நேரம் திரும்ப வேண்டும். வண்டியைப் பழுது பார்க்கிறவனுக்கு வண்டியை வைத்திருக்கிறவன் அண்ணன்தான் என்று கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் அண்ணன் யாரோவாம். பதினான்கு பேரைத் தினமும் ஏற்றி இறக்குகிறவன் அந்தக் கவுண்டருக்கு யாரோ.

சலீமிடம் போய் நின்றேன். பத்து நாள் அவசர விடுப்பு, சம்பளமில்லாமல். கிளம்பி வந்தேன்.

கையெழுத்துப் போட்ட அன்று மாலையே பதில் சொல்லிவிட்டார்கள். தூசி உள்ளே போய் ஏற்பட்ட தேய்மானம் உத்தரவாதத்தில் சேராது. காற்றுக் குழாயின் உள்பக்கம் விரலால் தடவி என் முன்னால் நீட்டினார் அங்கிருந்த எஞ்சினியர். விரல் நுனியில் செம்மண். என் வேலையில் நான் பத்து டிரைவர்களிடம் இதே மாதிரி விரலை நீட்டியிருக்கிறேன்.

5

மத்திகிரியில் சாதிக் பாய் என்று ஒரு மெக்கானிக். சின்ன ஷெட், பெரிய கை. காரை அவரிடம் கொண்டு போனோம். அண்ணனும் நானும் பக்கத்தில் நிற்க, ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"இது யாருப்பா பொட்டு வச்சது?"

காகித மடிப்பின் விளிம்பில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம். காகிதம் தண்ணீரில் ஊறிக் காய்ந்ததில் மடிப்புகள் கோணலாகி, ஒரு மூலையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

"சோப்புப் போட்டு அலசினியா ண்ணா?" என்றேன்.

"சோப்பு இல்ல. ஷாம்பு. உங்க அண்ணிதான், மெதுவா, கையாலதான் அலசினா."

"ஷாம்பு! மூச்சு விடுற மூக்குல ஷாம்பு ஊத்தி, சந்தனம் அப்பி, கொடியில காயப்போட்டு..."

"கத்தாதடா. வருசா வருசம் கம்பெனியில மெஷினையே டீசல் ஊத்திக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். அது ஓடலயா? பூஜைக்குக் கழுவாம அழுக்கா மாட்டச் சொல்றியா?"

"பேப்பர்ணா அது! பேப்பரக் கழுவுவாங்களா?"

"பேப்பர்னு உன் லிஸ்டுல இருந்துச்சா?"

இல்லை, பட்டியலில் இல்லை. ஷெட்டுக்கு வெளியே டவுன் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.

சாதிக் பாய் இதற்குள் பெட்டியின் மூடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, கழுவினது ஒரு பக்கம் இருக்கட்டும். இங்க பாருங்க." நான்கு கிளிப்பில் ஒன்று உடைந்து, பூக்கட்டும் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தது. சுற்றி வரும் ரப்பர், அமுங்கி அமுங்கி சப்பையாகக் கிடந்தது. அந்தக் கிளிப் இருந்த இடத்திலிருந்து உள்ளே ஒரு செம்மண் கோடு, மழைத்தண்ணீர் ஓடிய தடம் மாதிரி, எஞ்சின் பக்கமாகப் போனது.

"இது பழைய தடம். உங்க பூஜைக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. இந்தக் கிளிப்பு பிளாஸ்டிக்கு. எத்தினி வாட்டி தொறந்தீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. ஒரு வாரம் விடல. காய்ச்சல்ல படுத்தப்பகூட எழுந்து போயித் தட்டிப் போட்டேன். இவன் வெளிநாட்டுல இருந்து ஃபோன் போட்டுக் கேப்பான், தட்டினியா தட்டினியான்னு."

"ரெண்டு வருசமாவா?"

"ரெண்டு வருசமா."

"யாரு சொன்னது வாரா வாரம் தொறக்கணும்னு?"

நான்தான் சொன்னேன். பாலைவனத்தில் சுவரில் ஒட்டிய படத்துக்கு நேர் எதிராக, வாராவாரம் திற என்று எழுதி, லேமினேஷனும் போட்டுக் கட்டியவன் நான். ஏன் அப்படி எழுதினேன் என்று ரொம்ப யோசித்துவிட்டேன். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தூரத்தில் இருக்கிறவனுக்குச் "சும்மா விடு, தொடாதே" என்று சொல்ல மனம் வருவதில்லை. தினமும் ஏதாவது செய்யச் சொன்னால்தான் நானும் அந்த வீட்டில் இருக்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் கேட்பதற்கும் ஒரு கேள்வி வேண்டுமே.

படிக்கிறவர்களில் மண் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் இருந்தால், என் செலவில் கற்றுக்கொள்ளுங்கள். காகித ஃபில்டரைக் கழுவாதீர்கள். பஞ்சர் கடையில் காற்றும் அடிக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். சும்மா திறக்காதீர்கள். கிளிப்பும் ரப்பரும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று வெளியிலிருந்தே பாருங்கள். தூசி அதிகம் என்றால் புத்தகத்தில் சொன்ன கணக்கில் பாதியிலேயே புதுசு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பெட்டியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். இவ்வளவுதான். இதை எழுத ஒன்பது விஷயம் தேவைப்படவில்லை.

6

எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும் என்றார் சாதிக் பாய். முழுச் செலவையும் நான் தருகிறேன், கார் என் பேரில்தானே இருக்கிறது என்றேன். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் தட்டை நகர்த்தி வைத்தான்.

"அதான் பிரச்சன. உன் பேருல இருக்குது. சர்வீஸ்ல என்னை ஆளா மதிக்கல. பூக்காரன் அக்ரிமெண்டும் உன் பேருலதான். உன் வண்டி உன் வண்டின்னுதான் ரெண்டு வருசமா பயந்து பயந்து தட்டிட்டிருந்தேன். என் வண்டியா இருந்தா எனக்குத் தோணுன மாதிரி சும்மா விட்டிருப்பேன். நல்லாவும் இருந்திருக்கும்."

"சரி ண்ணா. நான் குடுத்துடறேன், முடிஞ்சுது."

"நீ ஒன்னியும் முழுசாக் குடுக்க வேணாம். ரெண்டு பேரும் சேந்துதான கெடுத்தோம்? ரெண்டு பேரும் பாதி பாதி."

"உன்கிட்ட ஏதுண்ணா அவ்ளோ?"

"சீட்டு எடுக்குறேன்."

அண்ணி குழம்புச் சட்டியோடு நின்றார். "ஷாம்புக்கு நானும் பங்கு தரணுமா?" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. நானும் அண்ணனும் சிரிக்கவில்லை, ஆனால் மறுபடி சாப்பிட ஆரம்பித்தோம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒரு புரோக்கர் நீட்டிய ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். உடன்பிறந்தவனுக்கு வண்டியை மாற்றித்தர எதற்கு இத்தனை தாள், எதற்கு இத்தனை நகல், எதற்கு என் பாஸ்போர்ட்டின் காலிப் பக்கத்துக்குக்கூட ஜெராக்ஸ் என்று கேட்டேன். "கேக்காதீங்க சார், கேட்டா இன்னொரு தாள் வரும்" என்றார் அவர்.

இப்போது மறுபடி ஹைமா. வெளியே காற்று, கண்டெய்னர் கதவிடுக்கில் மணல். பிப்ரவரி பத்தாம் தேதி வரைக்கும் வாடகை வேன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. மேனேஜர் அடுத்த வருஷத்துக்கும் அண்ணனையே வரச் சொல்லிவிட்டார், இந்த முறை ஒப்பந்தம் முனிராஜ் பெயரில். கார் தயாராகி அவன் கைக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் பேசினோம். நான் ஃபில்டரைப் பற்றிக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் லாரிகளைத் திட்டினோம்.

நேற்று ஹர்ஷிதா கணக்கை அனுப்பினாள். அவள் அப்பா சொல்லச் சொல்ல, தமிழிலேயே எழுதியிருக்கிறாள், கோணல் மாணலாக, ஆனால் தமிழில். என் விமான டிக்கெட்டைச் சேர்க்க வேண்டாம் என்று நான் சொன்னதை மட்டும் அண்ணன் ஒப்புக்கொண்டானாம். எஞ்சின் வேலை 98,700. இழுத்து வந்தது 2,800. கார் தயாராகும்வரை இருபத்தொரு நாள் வேன் வாடகை 39,900. புது ஃபில்டரும் புதுப் பெட்டியும் 4,100. பெயர் மாற்றம், புரோக்கரோடு, 7,650. ஆக மொத்தம் ஒரு லட்சத்து ஐம்பத்து மூவாயிரத்து நூற்றைம்பது ரூபாய். ஆளுக்கு எழுபத்தாறாயிரத்து ஐநூற்று எழுபத்தைந்து.